யார் காசில் ஓடுகிறது ரெஸ்லிங்?

"எங்கள் காலத்து ரெஸ்லிங் நிஜம். இப்போது வருவதெல்லாம் நாடகம்." டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ டி.வி.யில் ரெஸ்லிங் ஓடும் வீட்டில் தாத்தா இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். "உங்கள் காலத்திலும் எல்லாம் பேசி வைத்ததுதான் தாத்தா" என்பான் பேரன். முடிவை முன்கூட்டியே தீர்மானிக்கும் வழக்கத்துக்கு நூறு வயதாகிவிட்டது; அந்தக் கணக்கில் பேரன் ஜெயிக்கிறான். ஆனாலும் தாத்தா பார்த்தது வேறு, இவன் பார்ப்பது வேறு. ஆட்டத்தின் நீளம், ஆளின் உடம்பு, விழுகிற விதம், ரத்தம், ரகசியம் என்று எல்லாமே மாறியிருக்கிறது. ஏன் மாறியது என்று ஒவ்வொன்றாகத் தோண்டினால் கடைசியில் வந்து நிற்பது காசில்தான்: டிக்கெட் காசா, டி.வி. காசா?

நிஜமாகவே மோதிய காலம் ஒன்று இருந்தது. பார்ப்பதற்கு அது சுவாரஸ்யமாக இல்லை. 1910 செப்டம்பரில் லண்டனில் காமா பயில்வானும் போலந்துக்காரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். எழுந்து நின்றால் காமா தூக்கி அடிப்பார் என்று புரிந்துகொண்ட ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்துவிட்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் அதே கோலம்தான். கடைசியில் சமன் என்று அறிவித்தார்கள். (1928-ல் பட்டியாலாவில் மறுபடி மோதியபோது காமாவுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.) 1916 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் ஒமஹா நகரில் ஜோ ஸ்டெக்கரும் எட் 'ஸ்ட்ராங்ளர்' லூயிஸும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். அதுவும் சமன். சம பலமுள்ள இரண்டு பேர் உண்மையாக மோதும்போது, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பதுதான் இருவருக்கும் பாதுகாப்பு. டிக்கெட் வாங்கியவருக்கோ அது தண்டனை.

1920-களில் அதே லூயிஸ், அவருடைய மேலாளர் பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் ஆகிய மூவரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆட்டத்துக்கு நேர வரம்பு வைத்தார்கள். தரையில் கிடக்கும் பிடிகளைக் குறைத்து, தூக்கி எறிவது, கயிற்றில் மோதுவது, குத்துவது என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிகிற அசைவுகளைக் கூட்டினார்கள். மல்லர்களை ஒப்பந்தத்தில் எடுத்து ஊர் ஊராக ஒரே குழுவாக அழைத்துப் போனார்கள். யார் ஜெயிக்க வேண்டும் என்பதை வசூல் தீர்மானித்தது. கூட்டம் சேர்க்கும் ஆள், பெயர் தெரியாத ஒருவரிடம் தற்செயலாகத் தோற்றுவிட்டால் அடுத்த பத்து ஊர் வசூல் போய்விடுமே! இன்று நாம் பார்க்கிற ரெஸ்லிங்கின் எலும்புக்கூடு அப்போது உருவானதுதான்.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் ஹால்களின் காலம். 1948-ல் அமெரிக்க அமைப்பாளர்கள் சேர்ந்து என்.டபிள்யூ.ஏ. என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, நாட்டைப் பகுதி பகுதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வட்டாரத்தில் மற்றவர் கடை விரிக்கக் கூடாது. வருமானம் டிக்கெட் காசு. அதே ஊரில் அதே ஆட்கள் அடுத்த வாரமும் வந்தால்தான் பிழைப்பு. ஆகவே ஒவ்வொரு இரவின் கடைசி ஆட்டமும் அடுத்த வாரத்துக்கு ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போகும். வில்லன் ஏமாற்றி ஜெயிப்பான். நல்லவன் பழிவாங்கும் நாளுக்கு டிக்கெட் விற்பார்கள். ரகசியத்தை உயிராகக் காத்ததும் இதனால்தான். நல்லவனும் வில்லனும் ஒரே காரில் பயணம் செய்ய மாட்டார்கள், ஒரே உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார மாட்டார்கள். நேற்று ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டவர்கள் இன்று சேர்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டால், அந்த ஊர் மறுபடி டிக்கெட் எடுக்காது.

தென்னாப்பிரிக்காவில் இந்த ஹால் காலம் பல நாடுகளைவிட நீண்டது. அமெரிக்காவில் 1940-களின் கடைசியிலேயே 'கார்ஜியஸ்' ஜார்ஜ் என்ற மல்லர் டி.வி. நட்சத்திரமாகிவிட்டார். இங்கே டி.வி. ஒளிபரப்பே 1976 ஜனவரி 5-ல்தான் தொடங்கியது. அதுவரை ரெஸ்லிங் என்றால் நேரில் போய்ப் பார்ப்பதுதான். அதனால்தான் நம் பெரியவர்களின் நினைவில் அது இன்னும் 'நிஜமாக' இருக்கிறது: கேமரா கோணம் இல்லை, மறுகாட்சி இல்லை, வர்ணனையாளர் இல்லை. பத்து வரிசை தள்ளி ஒரு மனிதர் பலகையில் விழும் சத்தம் மட்டும்தான். சட்டமும் அதை நிஜம் என்றே எடுத்துக்கொண்டது. 1954-ல் இயற்றிய 39-ஆம் எண் சட்டம் குத்துச்சண்டையையும் மல்யுத்தத்தையும் ஒரே வாரியத்தின் கீழ் கொண்டுவந்தது. காகிதத்தில் இரண்டும் ஒரே வகைப் போட்டி.

அந்த ஹால்கள் எல்லாருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இனவாரிப் பகுதிச் சட்டத்தின் கீழ் 1965-ல் வந்த பிரகடனத்துக்குப் பிறகு, பல இனத்தவர் ஒரே அரங்கில் உட்கார்ந்து நிகழ்ச்சி பார்ப்பதற்கே அரசின் அனுமதி வேண்டியிருந்தது. 1970-களின் பெரும் நட்சத்திரம் யான் வில்கன்ஸ் என்ற ஆஃப்ரிகானர் (டச்சு வம்சாவளி வெள்ளையர்) ராட்சசர். டிக்கெட் காசை நம்பிய தொழிலில் உலகெங்கும் ஒரு கணக்கு உண்டு: கூட்டத்தில் எந்த இனம் அதிகமோ, அந்த இனத்து நாயகன் ஒருவன் மேடையில் வேண்டும். நியூயார்க்கில் இத்தாலியர்களுக்கு புரூனோ சம்மார்ட்டினோ, போர்ட்டோ ரிக்கோக்காரர்களுக்கு பெட்ரோ மொராலெஸ். பஞ்சாபில் பிறந்து கனடாவில் பெயர் வாங்கிய காமா சிங் தென்னாப்பிரிக்க மேடைகளிலும் ஏறியவர். கனடாவில் கூட்டமே வெறுத்த வில்லன் அவர். ஆளைப் பார்த்தவுடன் கூட்டத்துக்கு என்ன தோன்றுகிறதோ அதை வைத்து வேடம் கொடுப்பதுதான் அன்றைய முறை. ஊர் மாறினால் வேடமும் மாறும்.

அதே கணக்கு நம் நாட்டின் மீதும் திரும்பியது. 1980-களின் நடுவில் அமெரிக்காவின் ஏ.டபிள்யூ.ஏ. அமைப்பில் 'கர்னல் டிபீர்ஸ்' என்றொரு வில்லன் வந்தான். இனவெறி பிடித்த வெள்ளைத் தென்னாப்பிரிக்கன் வேடம். போட்டவர் எட் விஸ்கோஸ்கி என்ற அமெரிக்கர்! செய்தித்தாளில் யாரைத் திட்டுகிறார்களோ அவரையே அடுத்த வாரம் மேடையில் ஏற்றிவிடுவது ரெஸ்லிங்கின் பழைய பழக்கம்.

இனி மேடைக்குள் போவோம். தாத்தாவும் பேரனும் பேசாத விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களின் ரெஸ்லிங் மேடை பொதுவாக ஒரு பக்கத்துக்கு 20 அடி, சிறியவை 16 அல்லது 18. நான்கு மூலையிலும் எஃகுத் தூண்கள், குறுக்கே எஃகு உத்தரங்கள், அவற்றின் மேல் மரப் பலகைகள், பலகைக்கு மேல் ஓர் அங்குலம் அளவுக்கு நுரை மெத்தை, அதை மூடி இழுத்துக் கட்டிய கித்தான். அவ்வளவுதான். 'டிராம்போலின் மாதிரி துள்ளும்' என்று நினைப்பவர்கள் ஒருமுறை கையை ஊன்றிப் பார்க்கலாம். பலகை வளைந்து கொடுப்பது சிறிதளவே. மீதியை உடம்புதான் வாங்குகிறது. பலகைகள் நெருக்கமாகப் பொருந்தாமல் விலகினால் அந்த இடைவெளியில் கணுக்கால் மடங்கும். கயிற்றிலும் இரண்டு வகை. மிகப் பெரிய ரெஸ்லிங் நிறுவனமான அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.இ. நிஜக் கயிற்றில் டேப் சுற்றிப் பயன்படுத்துகிறது. சிறிய நிறுவனங்கள் பல, எஃகுக் கம்பியின் மேல் தோட்டத்து ரப்பர் குழாயை மாட்டிச் சுற்றுகின்றன. கம்பி குறைவாகத் தொய்யும், ஆனால் விலாவில் நன்றாக அடிக்கும். ஓடிப்போய்க் கயிற்றில் முதுகைக் கொடுக்கப் பழகும் முதல் வாரங்களில் அக்குளுக்குக் கீழே கன்றிப்போகாத ஆளே இல்லை.

விழுவதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. முதலில் குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து, பிறகு நின்ற நிலையிலிருந்து. தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். இரண்டு கைகளும் உடம்பிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி விலகி, உள்ளங்கை கீழ்நோக்கி, முதுகு படும் அதே நொடியில் தரையை அறைய வேண்டும். மூச்சு அப்போது வெளியே போக வேண்டும். பல் இறுகி நாக்கு உள்ளே இருக்க வேண்டும். கைகள் அறைவதால் சத்தம் கூடுகிறது. விழுகிற வேகம் அதிகப் பரப்பில் பரவுகிறது. தாடையை விட்டால் தலை பின்னால் வீசி அடித்து மூளை குலுங்கும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். இடுப்பு முதலில் பட்டால் வால் எலும்பு. சரியாக விழுந்தாலும் வலிக்கும். ஓர் ஆட்டத்தில் பத்து இருபது முறை, வாரத்தில் பல ஆட்டங்கள், வருடக்கணக்கில் என்று போட்டுப் பாருங்கள். ஓய்வுபெற்ற மல்லர்கள் இடுப்பையும் முழங்காலையும் மாற்றிக்கொள்வது இதனால்தான்.

தூக்கி அடிப்பதில் தூக்குபவரின் பலம் பாதிதான். தூக்கப்படுபவர் சரியான நொடியில் எம்பிக் கொடுக்கிறார், எதிராளியின் தொடையில் கையை ஊன்றித் தன் எடையில் ஒரு பங்கைத் தானே சுமக்கிறார். எம்ப மறுத்தால் 100 கிலோ ஆளைத் தோளுக்கு மேல் கொண்டுபோவது எல்லாராலும் ஆகாது. நம்பிக்கை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஆகஸ்ட் சாட்சி. ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கினார். முழங்காலிட்டு இறக்கினால் தலைக்கும் தரைக்கும் நடுவே இடம் இருக்கும். அவர் உட்கார்ந்து இறக்கினார். ஆஸ்டினின் தலையோ தொடைகளுக்குக் கீழே தொங்கியிருந்தது. கழுத்து மாட்டிக்கொண்டது, சில நிமிடங்கள் கைகால் அசைவே இல்லை. ஆஸ்டின் பிறகு திரும்பி வந்து பெரும் புகழ் பெற்றாலும், அந்தக் கழுத்தே 2003-ல் அவருடைய ஓய்வுக்குக் காரணமாயிற்று.

பழைய ஆட்டத்தை நடத்தியது பெரும்பாலும் வில்லன். முடிவும் ஏறக்குறைய எவ்வளவு நேரம் என்பதும் மட்டுமே முன்கூட்டித் தெரியும். மீதியை, பிடியில் இருக்கும்போது எதிராளியின் காதில் கிசுகிசுத்துச் சொல்வார்கள். கூட்டம் சோர்ந்தால் வேகம் கூட்டுவார்கள், கொதித்தால் இன்னும் கொஞ்சம் கொதிக்க விடுவார்கள். வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் நல்லவன் கை ஓங்கும், வில்லன் குறுக்கு வழியில் கவிழ்ப்பான், நீண்ட நேரம் வதைப்பான், நல்லவன் மீள்வான், முடிவு. குத்தும்போது காலைத் தரையில் அடித்துச் சத்தம் எழுப்புவார்கள். இன்று உதைக்கிறவர் தன் தொடையையே அறைந்து அந்தச் சத்தத்தை எழுப்புகிறார். அளவுக்கு மீறிய அந்தத் தொடையறைச்சலை நடுவரிசையில் இருப்பவர்கூடக் கண்டுபிடித்துவிடுகிறார். பழைய ஆட்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

பெரிய முறிவு 1982-ல் வந்தது. வின்ஸ் மக்மஹன் தன் தந்தையின் நிறுவனத்தை (அதுதான் இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) வாங்கி, வட்டார எல்லைகளைப் பொருட்படுத்தாமல் நாடு முழுவதும் டி.வி. நேரம் வாங்கத் தொடங்கினார். 1985 மார்ச் 31-ல் முதல் ரெஸ்ல்மேனியா. ஒரே ஊரில் வாராவாரம் கதை சொல்லத் தேவையில்லாத தொழிலுக்கு, முதல் பார்வையிலேயே வாயைப் பிளக்க வைக்கும் உடம்பு வேண்டியிருந்தது. ஹல்க் ஹோகன் போன்றவர்களின் புஜங்கள் அப்படி வந்தவை. கூடவே ஸ்டீராய்டும் வந்தது. 1994-ல் மக்மஹன் மீதான ஸ்டீராய்டு வழக்கில் ஹோகனே சாட்சிக்கூண்டில் ஏறி, தான் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார். மக்மஹன் விடுதலையானார்.

ரகசியம் உடைந்ததற்கும் காசுதான் காரணம். கடைசியில் நிறுவனமே அதை வெளிப்படையாக உடைத்தது. 1989-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில், இது பொழுதுபோக்கு, உண்மையான போட்டி அல்ல என்று நிறுவனத்தின் தரப்பிலேயே சொல்லி, விளையாட்டு ஆணையத்தின் உரிமத்திலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குக் கேட்டார்கள். டிக்கெட் காசில் வாழ்ந்தவனுக்கு ரகசியம் முதல், டி.வி. காசில் வாழ்பவனுக்கு அது வரிச்சுமை. தென்னாப்பிரிக்கச் சட்டம் அந்த இடத்துக்கு வர இன்னும் 12 ஆண்டுகள் ஆயின. 2001-ல் வந்த 11-ஆம் எண் சட்டம் 1954-இன் சட்டத்தை நீக்கியது. புதிய சட்டத்தின் பெயரில் குத்துச்சண்டை மட்டும்தான். மல்யுத்தம் காணாமல் போய்விட்டது.

1990-களின் போட்டிக் காலத்தை அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதைப் பார்த்து வளர்ந்தவர்களே இன்று வீட்டில் சேனல் மாற்றுகிறார்கள். திங்கள் இரவுகளில் மக்மஹனின் நிறுவனமும் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற நிறுவனமும் பார்வையாளர் எண்ணிக்கைக்காக அடித்துக்கொண்டன. ஒவ்வொரு வாரமும் நேற்றையதைவிட உயரமான இடத்திலிருந்து யாராவது விழ வேண்டியிருந்தது. 1999 மே 23-ல் அரங்கக் கூரையிலிருந்து கம்பியில் இறங்க வேண்டிய அதே ஓவன் ஹார்ட், கொக்கி விட்டுப்போய்க் கீழே விழுந்து இறந்தார். 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ.வை எதிராளியான மக்மஹன் நிறுவனமே விலைக்கு வாங்கியதோடு போட்டி முடிந்தது.

நம் வீடுகளுக்கு அந்த அலை வந்ததில் தென்னாப்பிரிக்காவின் இ.டி.வி.க்குப் பெரும் பங்கு உண்டு. 1998-ல் தொடங்கிய அந்தச் சேனல் சந்தா இல்லாமல் ரெஸ்லிங்கைக் கொண்டுவந்தது. டிகோடர் வாங்க வசதியில்லாத வீட்டிலும் பிள்ளைகள் 'தி ராக்' என்ற மல்லர் மாதிரி புருவம் தூக்கினார்கள். அதன் விலையை உள்ளூர் ஹால்கள் கொடுத்தன. ஒளிவிளக்கும் வாணவேடிக்கையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சமூகக் கூடத்தில் நான்கு டியூப்லைட்டின் கீழ் நடக்கும் ஆட்டம் சப்பென்று இருந்தது. தேறியவர்கள் வெளியே போனார்கள். கேப் டவுனில் பிறந்த பால் லாய்ட், மல்லரின் மகன், 2010-ல் ஜஸ்டின் கேப்ரியல் என்ற பெயரில் டபிள்யூ.டபிள்யூ.இ. மேடையில் ஏறினார். ஜோஹன்னஸ்பர்க்கின் ரே லெப்பன் அங்கே ஆடம் ரோஸ் ஆனார்.

இன்றைய காசு டிக்கெட்டும் அல்ல, பழைய அர்த்தத்தில் டி.வி. விளம்பரமும் அல்ல. ஒளிபரப்பு உரிமை. நெட்ஃப்ளிக்ஸ் பத்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, 2025 ஜனவரியிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.இ.யின் 'ரா' நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டது. அரங்கு காலியாக இருந்தாலும் இந்தக் காசு வரும். ஆட்டத்தின் உள்ளே இதன் தடம் தெரியும். நடுவரின் காதில் ஒரு கருவி. எத்தனை நிமிடம் பாக்கி என்று பின்னாலிருந்து சொல்கிறார்கள், அவர் மல்லரிடம் குனிந்து சொல்கிறார். விளம்பர இடைவேளைக்குச் சற்று முன் ஒருவர் மேடைக்கு வெளியே பறப்பார்; இடைவேளை முழுக்கக் கழுத்துப்பிடி; திரும்பி வந்ததும் மீட்சி. இப்படி எல்லாம் நேரத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால், முக்கிய அசைவுகளை மதியமே மேற்பார்வையாளருடன் பேசி வரிசைப்படுத்திவிடுகிறார்கள். கிசுகிசு குறைந்தது. வேகமும் துல்லியமும் கூடின, சந்தேகமே இல்லை. கூட்டத்தின் மூச்சைக் கேட்டு ஆட்டத்தைத் திருப்பும் கலை மெலிந்தது. எனக்கு இந்தப் பேரம் நஷ்டமாகவே படுகிறது.

பாதுகாப்பில் மட்டும் இன்றைய காலமே மேல், இதில் வாதமில்லை. முன்பு நெற்றியில் ரத்தம் வேண்டுமென்றால், மணிக்கட்டு டேப்பில் மறைத்த சவர பிளேடுத் துண்டால் மயிர்க்கோட்டுக்குக் கீழே தாமே கீறிக்கொள்வார்கள். வியர்வை கலந்து முகமெல்லாம் பரவும். கை சற்று அழுந்தினால் ரத்தக் குழாய் வெட்டுப்படும், ஒருவர் ரத்தம் இன்னொருவர் காயத்தில் படும். 2008-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. குடும்ப நிகழ்ச்சியாக மாறியபோது இது பெரும்பாலும் நின்றது. குழந்தைகளுக்குப் பொம்மை விற்கும் விளம்பரதாரர்களுக்கு ரத்தம் ஆகாது என்பதும் காரணம். நாற்காலியால் தலையில் அடிப்பது 2010-ல் தடையானது. 2007-ல் மல்லர் கிறிஸ் பென்வா தன் குடும்பத்தைக் கொன்று தானும் இறந்த பிறகு, அவருடைய மூளையில் கடுமையான சேதம் கண்டறியப்பட்டது; தலையடியைப் பற்றிய பேச்சு அதன்பின் மாறியது. மல்லருக்கு அடிபட்டால் நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாகக் காட்டுவார். அது மருத்துவருக்கான அழைப்பு. மாறாதது ஒன்று: மல்லர்கள் இன்னும் சட்டப்படி ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள்.

நாயகன் கணக்கும் மாறவில்லை, பெரிதாகியிருக்கிறது. 2017 மே மாதம் டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன் பட்டத்தை வென்ற ஜிந்தர் மஹால், காமா சிங்கின் நெருங்கிய உறவினர், அடுத்த தலைமுறைக்காரர். இந்தியச் சந்தையைக் குறிவைத்த முடிவு என்று அப்போதே எல்லாரும் பேசினார்கள். பெரியவர் காலத்தில் ஹாலுக்குள் நடந்த கணக்கை, இளையவர் காலத்தில் நாட்டளவில் போட்டார்கள்.

வீட்டில் யாராவது பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டால், சேருமுன் பார்க்க வேண்டியவை சில உண்டு. கித்தானை ஒரு மூலையில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பலகையில் விரிசலும் இடைவெளியும் இருக்கக் கூடாது. மூலையில் கயிறு மாட்டிய கொக்கிகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். முதல் மாதத்திலேயே பறக்கக் கற்றுத்தரும் இடமென்றால் திரும்பி வந்துவிடுங்கள். நல்ல ஆசிரியர் வாரக்கணக்கில் விழ மட்டுமே விடுவார். தலை குலுங்கினால் எத்தனை நாள் நிறுத்துவார்கள், ஆட்ட நாளில் மருத்துவ உதவியாளர் இருப்பாரா, அடிபட்டால் செலவு யாருடையது என்று கேட்டு வையுங்கள். வீட்டு மெத்தையில் பழகுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இடுப்பு அமிழ்ந்து கழுத்து மடங்கும், தாடையை ஒட்டும் பழக்கம் வராது. மேடைக்குப் போனதும் முதல் விழுகையிலேயே பின்மண்டைதான் பலகையில் படும்.